தட்டச்சு மட்டும் தெரிந்து கையால் எழுதத் தெரியாத பிள்ளையை எழுத்தறிந்தவர் என்று சொல்லலாமா?

மோல்மேன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் உள்ள மோல்மேனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். எட்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ளவர்கள் வருகிறார்கள். வாரம் முழுவதும் பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கும் இவர்களுக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் தாத்தா, பாட்டியுடன் பேசும் மொழி மட்டுமே. ஞாயிறு காலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள்தான் எழுத்து, வாசிப்பு, திருக்குறள், தேவாரம் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும்.

பெரிய பிள்ளைகள் எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழெழுத்தாக மாற்றித் தரும் செயலியைக் கொண்டு அவர்கள் எனக்குப் பிழையில்லாத வாழ்த்துகளை அனுப்புகிறார்கள். அதே பிள்ளையிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்து அதே வாழ்த்தை எழுதச் சொன்னால், ‘பள்ளி’ என்பதற்கு எந்த ளகரம் என்பது தெரியாமலும், ‘கொ’ என்பதில் கொம்பை முதலில் போடுவதா காலை முதலில் போடுவதா என்பது தெரியாமலும் நின்றுவிடுகிறது. வாசிப்பிலும் இதே நிலைதான். கைப்பேசியில் இரண்டு வரிச் செய்தியை வாசிக்கும் பிள்ளை, அச்சிட்ட கதை ஒரு பக்கம் என்றால் பாதியில் மூடிவிடுகிறது.

பெற்றோர் சிலர், “கைப்பேசியே எழுதித் தரும்போது நான்கு கோட்டு நோட்டில் எழுத வைத்து ஏன் நேரத்தைக் கழிக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அவர்கள் அக்கறையுடன்தான் கேட்கிறார்கள் என்பதால் தகுந்த விடை சொல்ல விரும்புகிறேன். என் கேள்விகள் இரண்டு. கிடைக்கும் குறைந்த நேரத்தைக் கையெழுத்துக்குக் கொடுப்பதா, தட்டச்சுக்குக் கொடுப்பதா? ஓலையிலிருந்து தாளுக்கு மாறியபோதும் இப்படித்தான் பெரியவர்கள் கலங்கினார்களா, இல்லை இந்த முறை உண்மையாகவே ஒன்று கைநழுவிப் போகிறதா?

அச்சுக்கூடத்து மகன், யாங்கோன்:

அம்மா, வணக்கம். என் தந்தையார் பழைய ரங்கூனில் தமிழ் அச்சுக்கூடம் ஒன்றில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். அந்தத் தொழில் நம் ஊரில் முடிந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது என்றாலும், எழுத்து எப்படி மாறிவந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டும் பின்னர் நானாகப் படித்தும் அறிந்திருப்பதால், உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

பனையோலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர, ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் காட்டும் குறியும் ஏட்டில் இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எவையும் கிடையா. ஆகவே ‘மெல்’, ‘மேல்’, ‘மேல’ ஆகிய மூன்றும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ‘தரம்’, ‘தாம்’ இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இவற்றையெல்லாம் பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் வாசிப்பவருடையதாக இருந்தது. பாடலை முன்பே ஆசிரியர் வாயால் கேட்டு மனப்பாடம் செய்தவருக்கு ஏடு நினைவூட்டும் கருவியாக இருந்ததே தவிர, அறியாத நூல் ஒன்றைத் தானே எடுத்துத் தடையின்றி வாசித்துக்கொள்ள அது இடம் கொடுக்கவில்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளை ஒப்பிட்டு அத்தனை பாடுபட்டதற்கு ஏடுகள் சிதைந்திருந்தது மட்டும் காரணமன்று. எழுதும் முறையே அப்படி இருந்தது.

அச்சு வந்தபோது இந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தாளுக்கு இடம் மாறியது. தமிழெழுத்தில் அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது, பதினாறு பக்கங்கள்தாம். அதற்கும் முன்பே, 1554இல் லிஸ்பனில், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட நூல் ஒன்று வந்துவிட்டது என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ரோமன் எழுத்தில் தமிழை எழுதுவது கைப்பேசி கொண்டுவந்த புதுமை என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை மிகுதியாக விழுங்கியதால், அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார, ஓகாரங்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். புள்ளி, சொல் இடைவெளி, நிறுத்தக்குறி என்று ஒவ்வொன்றாக அச்சில் நிலைபெற்றன. இவை நிலைபெற்ற பிறகுதான், ஆசிரியர் அருகில் இல்லாத ஒருவர், தான் முன்பு கேட்டிராத ஒரு நூலை, வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் வாசிப்பது எளிதாயிற்று. சாதாரண வீட்டுப் பெண்கள் தாமே கதை வாசிக்கத் தொடங்கியதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நாட்டிலும் கருவி எழுத்தை ஆட்சி செய்திருப்பதைக் காணலாம். பர்மிய எழுத்து இத்தனை வட்டமாக இருப்பதற்கு, நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்பதையே காரணமாகச் சொல்கிறார்கள். ஓலை அழியும் என்பதால் மின்டோன் மன்னர் மாண்டலேயின் குத்தோடோ கோயிலில் திரிபிடகம் முழுவதையும் 729 பளிங்குக் கற்களில் வெட்டுவித்தார். அந்தப் பணி 1868இல் நிறைவடைந்தது. பகானில் 13ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டது. இன்றைய கேரளமாகிய மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகரம் என்னும் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தி அதில் இருக்கிறது. அவரைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதற்குக் காரணம் அவர் தம் செய்தியைக் கல்லுக்குக் கொடுத்ததுதான்.

எனவே என் விடை இது. ஒவ்வொரு கருவியும், வாசிப்பவர் அல்லது எழுதுபவர் மனத்தில் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஓலைக்காலத்து மாணவருக்கு இருந்த நினைவாற்றல் அச்சுக்காலத்தில் குறைந்தது, அது இழப்புதான். ஆனால் அந்த இழப்புக்கு ஈடாக வாசிப்பு பலருக்குக் கிடைத்தது. உங்கள் பிள்ளைகளின் செயலி எதை வாங்கிக்கொள்கிறது, ஈடாக எதைத் தருகிறது என்பதைக் கணினி அறிந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

விசைப்பலகை, யாங்கோன்:

ஐயா கேட்டதற்கு விடை சொல்ல முயல்கிறேன். நான் பர்மிய எழுத்துருக்களோடு தொழில்முறையில் பழகியவன். தமிழை என் அம்மாவிடம் கற்றவன்.

நம் நாட்டில் சோஜி எழுத்துருவால் ஏற்பட்ட குழப்பத்தை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். பர்மிய எழுத்தைத் திரையில் சரியாகக் காட்டினால் போதும் என்ற நோக்கில் அமைந்த அந்த முறை, எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அதைச் சேமித்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி எண் ஒதுக்கும் பொதுமுறையான யூனிகோடில் மோன், ஷான், கரென் மொழிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களையும் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களுக்காக எடுத்துக்கொண்டது. விளைவு, ஒரே சொல்லைப் பல விதமாகச் சேமிக்க முடிந்தது, தேடினால் கிடைக்காது, மோன் மாநிலத்தில் இருக்கும் உங்கள் அண்டை வீட்டார் தம் மொழியை அதே கைப்பேசியில் ஒழுங்காக எழுதவே முடியாது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு யூனிகோடுக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்ட பிறகும் பழைய செய்திகள் பல, மாற்றித் தரும் கருவி இல்லாமல் வாசிக்க முடியாதவையாகவே இருக்கின்றன. தமிழும் இதே பாதையில் சற்று முன்னதாக நடந்தது. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு முறை வைத்திருந்தது; ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றும். தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான்.

இப்போது ஆசிரியை சொன்ன கொம்புச் சிக்கலுக்கு வருகிறேன். கையால் ‘கொ’ எழுதும்போது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் எழுதுகிறோம். தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும் கொம்பைத்தான் முதலில் அடிப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில் நிற்கிறது, உயிர்க்குறி அதன் பின் வருகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’ வரும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று தொல்காப்பியம் சொல்வதற்கு மிக நெருக்கமாக இந்த விசைப்பலகை நடந்துகொள்கிறது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி என முப்பத்தொரு விசைகளில் தமிழ் அடங்கிவிடுகிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகிவிடும். இதில் எழுதும் பிள்ளை எந்த னகரம், எந்த ளகரம் என்று தானே முடிவு செய்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விசை இருப்பதால் தப்பிக்க வழியில்லை.

ரோமன் எழுத்துவழிச் செயலிகளில் நடப்பது வேறு. ந, ண, ன மூன்றுக்கும் ரோமனில் இருப்பது ஒரே எழுத்து. ல, ள இரண்டுக்கும் அப்படியே. ர, ற இரண்டுக்கும் அப்படியே. பிள்ளை ஏறக்குறைய ஒலியைத் தட்டுகிறது. செயலி தன் சொற்பட்டியலைப் பார்த்து ‘பள்ளி’ என்று காட்டுகிறது. பிள்ளை அதைத் தொட்டுவிடுகிறது. கண்டால் அறிந்துகொள்வதும், காணாமலே நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் இரண்டு வெவ்வேறு திறன்கள். முதலாவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அவர்கள் அனுப்பும் வாழ்த்தில் பிழை இல்லாமல் இருப்பதற்குக் காரணம் செயலியின் எழுத்தறிவு.

ஐயா சொன்னதோடு ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தபோது பொறுப்பு தாளுக்குப் போனது என்றார். தாளில் உள்ள புள்ளியும் நெடிலும் எல்லார் கண்ணுக்கும் தெரிவன. நூறு பக்கம் வாசித்தவருக்கு அவை தாமே மனத்தில் பதிந்துவிடும். செயலி வாங்கிக்கொள்ளும் பொறுப்பு அதன் உள்ளே மறைந்திருக்கிறது. அதன் பட்டியலில் இல்லாத சொல் வந்தால், அதாவது உங்கள் ஊர்ப் பெயரோ, கோயிலில் வழங்கும் ஒரு சொல்லோ, பாட்டி சொன்ன ஒரு வழக்கோ வந்தால், அது தவறான எழுத்தைக் காட்டும்; பிள்ளையால் திருத்த முடியாது. நம்மைப் போல் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்களின் சொற்களுக்குத்தான் இந்த ஆபத்து முதலில் நேரும் என்பது எனக்குப் பெரிய கவலை.

ஆகையால் முதல் கேள்விக்கு என் விடை: சிறு பிள்ளைகளுக்குக் கையெழுத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல் தமிழ்99. பெற்றோரின் கைப்பேசிகளிலும் தமிழ்99 அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். ரோமன் வழியைத் தடை செய்ய வேண்டாம். வகுப்பில் மட்டும் வேண்டாம்.

பெகு வாசகி:

தம்பி சொன்ன அனைத்தும் எனக்கு உடன்பாடே. ஆனாலும் இந்த உரையாடலில் இரண்டு பொருள்கள் விடுபட்டுவிட்டன என்று கருதுகிறேன்.

ஒன்று, குரல்பதிவு. என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். 1964க்குப் பிறகு தாயகம் திரும்பிய அவருடைய தமக்கைக்கு ஒரு கடிதம் போட வேண்டுமென்றால், எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டாரிடம் போய் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவிப்பார். மனத்தில் இருந்த துயரங்களில் பாதியைப் பிறர் முன் சொல்ல முடியாமல், “இங்கு யாவரும் நலம்” என்று முடித்துவிடுவார். 2014இல் பர்மியப் பணம் ஆயிரத்து ஐந்நூறு சாட்டுக்குச் சிம் அட்டை கிடைக்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்கும் கைப்பேசி வந்தது. தமக்கைக்குக் குரல்பதிவு அனுப்பும் வழியைக் கற்றுக்கொண்டதும் இடையில் ஒருவருடைய துணையும் வேண்டாமல் தம் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். எழுத்து குறைந்துவிட்டது என்று நாம் வருந்தும்போது, எழுத்தால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே வேளையில், கடிதங்கள் பெட்டியில் இன்றும் இருக்கின்றன. குரல்பதிவுகளோ பழைய கைப்பேசியோடு போய்விட்டன. எனவே பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களின் குரல்பதிவைக் கேட்டு அதைத் தமிழில் எழுதி வரும்படி சொல்லிப் பாருங்கள். கேட்டதை எழுதும்போது செயலியின் பட்டியலில் இல்லாத நம் ஊர்ச் சொற்கள் கட்டாயம் வரும். பிள்ளை தானே சிந்தித்தாக வேண்டியிருக்கும்.

மற்றொன்று, கருவி எப்போதும் நம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை. 2021 பிப்ரவரியில் முகநூல் முடக்கப்பட்டு, மார்ச்சில் கைப்பேசி இணையமும் நிறுத்தப்பட்டபோது, எங்கள் பகுதிப் பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்கள் எல்லாம் முகநூல் குழுவில்தான் இருந்தன. நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களின் வீட்டில் மட்டும் பாடம் நடந்தது. “கைப்பேசியே எழுதித் தருமே” என்று கேட்கும் பெற்றோருக்கு இதை நினைவூட்டினாலே போதும். அவர்களும் அந்த மாதங்களைக் கடந்து வந்தவர்கள்தாமே.

ஒரு பக்கத்தை வாசித்து முடிக்காமல் மூடிவிடுகிறார்கள் என்ற குறைக்கு, வாய்விட்டு வாசிக்க வைப்பதே சிறந்தது என்று தோன்றுகிறது. ஐயா சொன்ன ஏட்டுக்காலத்து மாணவர்களைப் போல முதலில் நீங்கள் ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் அதைக் கேட்டபின் அதே பத்தியை வாசிக்கட்டும். பொருள் தெரிந்த பத்தியை வாசிக்கும்போது கண் தடுமாறாது. சில வாரங்களில் அடுத்த பத்திக்குத் தாமே போய்விடுவார்கள். என் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் வாசிப்புக்கு வந்தார்கள்.

மோல்மேன் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்99ஐ அடுத்த வாரமே தொடங்கிவிடுகிறேன். குரல்பதிவைக் கேட்டு எழுதும் பயிற்சி இரு சாராருக்கும் பொருந்தும். சிறியவர்கள் கையால் எழுதட்டும், பெரியவர்கள் தட்டட்டும்.

ஒரே ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் கோயில் அலமாரியில் உள்ள தமிழ் நூல்கள் ஏறக்குறைய எல்லாமே 1960களுக்கு முன் இங்கு வந்தவை. அவற்றில் ‘லை’, ‘னை’ போன்றவை பழைய வடிவில் இருப்பதால் பிள்ளைகள் அவற்றை வேறு எழுத்தென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். கைப்பேசியில் அந்த வடிவங்களைத் தட்டிக் காட்டவும் எனக்கு வழி தெரியவில்லை. பாடத்தில் அவற்றைச் சேர்க்க வேண்டுமா? ஏற்கெனவே நேரம் குறைவு.

விசைப்பலகை, யாங்கோன்:

அம்மா, பழைய வடிவங்களுக்கு யூனிகோடில் தனி இடம் கிடையாது. எழுத்து ஒன்றே, வடிவம் மட்டும் வேறு என்று கொள்வதால், அவற்றைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருவில் இல்லையென்றால் தட்ட முடியாது. நூல்களின் பக்கங்களை வெளிச்சம் நன்றாக விழும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் பழையது என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அச்சுக்கூடத்து மகன், யாங்கோன்:

கட்டாயம் சேருங்கள் அம்மா. அஞ்ச வேண்டாம், மொத்தம் பதின்மூன்று எழுத்துகள்தாம்: ணா, றா, னா; ணை, லை, ளை, னை; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் இவற்றை இன்றைய வடிவில் அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை ஏற்றது. அச்சுக்கோப்பவர்களுக்கு அந்த மாற்றம் பெரிய உதவி. தனியாக வார்த்த எழுத்துகள் வேண்டியதில்லை, பெட்டியில் அறைகளும் குறையும். நம் நாட்டில் உள்ள நூல்கள் அதற்கு முற்பட்டவை என்பதால், இங்கு வளரும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளையைவிட இந்தப் பதின்மூன்றும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

எழுதப் பழக்க வேண்டியதில்லை, கண்டால் அறிந்தால் போதும். தம்பி சொன்ன முதல் வகைத் திறன் இங்கு முழுமையாகப் பயன்படும். பதின்மூன்று வடிவங்களையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே இன்றைய வடிவத்தையும் எழுதி, மண்டபச் சுவரில் தொங்கவிடுங்கள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்து, ஒரு பக்கத்தில் பழைய ‘லை’ எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். ஈய எழுத்தில் அடித்த பழைய ‘லை’யின் துதிக்கையைப் பிள்ளைகள் ஒருமுறை கண்டுகொண்டால் மறக்க மாட்டார்கள். அட்டை எழுதுவதற்கு வடிவங்களின் மாதிரி வேண்டுமென்றால், தந்தையார் வைத்திருந்த பழைய எழுத்து மாதிரித் தாளைப் படமெடுத்து அனுப்புகிறேன்.